கோமாரி தடுப்பூசிக்குப் பின்னால் ஒரு குமிழி கணக்கு: ஆக்சிஜன் கொடுக்கும் காற்றே செல்களைக் கொல்வது எப்படி?

ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் ஊர், புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சி. அதே மாவட்டத்தின் விராலிமலையில் 2019 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. காளைகள் மட்டுமல்ல, வானம் பார்த்த பூமியான இந்த மாவட்டத்தில் மழை பொய்த்த வருடங்களில் பல வீடுகளுக்குக் கைகொடுப்பது கொட்டகையில் நிற்கும் கறவை மாடுதான்.

அந்த மாட்டை வைத்திருப்பவர்கள் அதிகம் பயப்படும் பெயர், கோமாரி. காணை நோய் என்றும் சொல்வார்கள். அதைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிராமத்துக்கே வந்து இலவசமாக ஊசி போடுகிறது கால்நடை பராமரிப்புத் துறை. ஊசி போட்டதும் மாடு ஒரு உதறு உதறும், அவ்வளவுதான் வேலை முடிந்தது.

ஆனால் அந்தச் சில மில்லி மருந்து உருவாக, எங்கோ ஒரு தொழிற்சாலையில் கோடிக்கணக்கான செல்களை உயிரோடு வளர்க்க வேண்டும். அந்த செல்கள் உயிர்வாழ காற்றுக்குமிழி வேண்டும். அதே செல்களைக் கொல்வதும் காற்றுக்குமிழிதான். இது என்ன முரண்பாடு? விஞ்ஞானிகள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கோமாரி ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது?

கோமாரி ஒரு வைரஸ் நோய். காய்ச்சல் வரும். வாயிலும் நாக்கிலும் கால் குளம்பு இடுக்கிலும் கொப்புளங்கள் வரும். எச்சில் நூல் நூலாக ஒழுகும். மாடு தீவனம் எடுக்காது, நடக்க முடியாமல் நொண்டும். கறவை சட்டென்று இறங்கிவிடும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பழைய கறவை திரும்புவது நிச்சயமில்லை. இளங்கன்றுகளுக்கு இதயத் தசை பாதிக்கப்பட்டு, திடீரென்று இறந்துபோவதும் உண்டு.

மூச்சுக்காற்று, எச்சில், ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பது எனப் பல வழிகளில் பரவும் என்பதால், ஒரு மாட்டுக்கு வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. சந்தை, திருவிழா, ஜல்லிக்கட்டு என்று மாடுகள் கூடும் இடங்கள் அதிகம் உள்ள மாவட்டத்துக்கு இது கூடுதல் கவலை.

இந்த வைரஸில் மொத்தம் 7 வகைகள் உண்டு. இந்தியாவில் போடப்படும் தடுப்பூசி ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைகளுக்கு எதிரானது. ஊசி தரும் பாதுகாப்பு சுமார் ஆறு மாதம்தான் நிற்கும். அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு முறை. 2019 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ், நாடு முழுவதும் உள்ள மாடு, எருமைகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது. காதில் 12 இலக்க எண்ணோடு தொங்கும் வில்லையும் இதே திட்டத்தின் கணக்குக்காகத்தான்.

நாடு முழுக்க, ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் எத்தனை கோடி டோஸ் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதை மலிவாகவும் தரமாகவும் தயாரிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வைரஸை எங்கே வளர்ப்பது?

தடுப்பூசி தயாரிக்க முதலில் வைரஸ் வேண்டும். அதை நிறைய வளர்த்து, பிறகு ரசாயனத்தால் செயலிழக்கச் செய்து, ஊசி மருந்தாக மாற்றுவார்கள். ஆனால் பாக்டீரியா மாதிரி வெறும் சத்துத் திரவத்தில் வைரஸ் வளராது. அது பெருக உயிருள்ள செல் வேண்டும்.

1950-களில் ஐரோப்பாவில், இறைச்சிக்கூடங்களில் வெட்டப்பட்ட மாடுகளின் நாக்குத் தோலைச் சேகரித்து, அதில் கோமாரி வைரஸை வளர்த்தார்கள். நெதர்லாந்தின் ஃப்ரெங்கெல் கண்டுபிடித்த முறை அது. ஊசிக்காகத் தினமும் நாக்குகளைத் தேடி அலைய வேண்டிய நிலை.

1960-களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு விலங்கின் குட்டியிலிருந்து எடுத்த சிறுநீரக செல்களைத் தொடர்ந்து வளர்க்க முடிந்தது. அவற்றுக்கு பிஎச்கே-21 என்று பெயர். கோமாரி வைரஸ் இந்த செல்களில் நன்றாகப் பெருகியது. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆராய்ச்சி நிலையத்தில், இதே செல்களைத் திரவத்தில் மிதந்தபடியே வளரவும் பழக்கினார்கள்.

மிதந்தபடி வளரும் என்றால், பெரிய டேங்கில் ஊற்றி வளர்க்கலாம். அந்த டேங்குக்குத்தான் பயோரியாக்டர் என்று பெயர். 1982-ல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் ஹைதராபாத்தில் தொடங்கிய இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம், நாட்டின் முக்கியமான கோமாரி தடுப்பூசித் தயாரிப்பாளர்களில் ஒன்று. அங்கும் அடிப்படை இதே பிஎச்கே-21 செல்தான்.

டேங்குக்குள் மூச்சு முட்டுமா?

முட்டும். ரொம்ப சீக்கிரமாகவே முட்டும்.

செல்களுக்கும் நம்மைப் போல ஆக்சிஜன் வேண்டும். ஆனால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகத்தான் கரையும். செல்கள் வளரும் 37 டிகிரி சூட்டில், ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் சுமார் 7 மில்லி கிராம்தான். ஒரு மில்லி லிட்டரில் 20, 30 லட்சம் செல்கள் இருந்தால், இந்தக் கையிருப்பு ஒரு மணி நேரத்துக்குள் காலி.

சின்னக் குடுவையாக இருந்தால் பிரச்னை இல்லை. மேற்பரப்பு வழியாகவே தேவையான ஆக்சிஜன் உள்ளே போய்விடும். டேங்க் பெரிதாகும்போது கதை வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் 10 மடங்கு கூட்டினால், திரவம் 1,000 மடங்கு கூடும். மேற்பரப்பு 100 மடங்குதான் கூடும். அதாவது ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மேற்பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். வாசல் ஒன்று, உள்ளே ஊரே காத்திருக்கிறது என்ற நிலை.

அதனால் அடியிலிருந்து காற்றைக் குமிழிகளாக விடுகிறார்கள். வீட்டில் வண்ண மீன் தொட்டிக்குள் குமிழி விடுகிற சின்ன மோட்டார் ஞாபகம் இருக்கிறதா? இறால் குட்டைகளில் தண்ணீரை அடித்து நுரை கிளப்பும் ஏரேட்டர்? அதே தத்துவம்தான். குமிழி மேலே ஏறி வரும் வழியெல்லாம் ஆக்சிஜனை விட்டுக்கொண்டே வரும்.

மீனும் இறாலும் இதனால் சாவதில்லை. அப்படின்னா செல்கள் ஏன் சாகின்றன?

பாக்டீரியா தாங்கும், விலங்கு செல் தாங்காது

பாக்டீரியா, ஈஸ்ட், தாவர செல் எல்லாவற்றுக்கும் வெளியே கெட்டியான சுவர் இருக்கும். விலங்கு செல்லுக்கு அது கிடையாது. கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு மட்டுமே. தேங்காய்க்கு ஓடு இருக்கிறது, தோல் முட்டைக்கு ஓடு இல்லை என்கிற மாதிரி வித்தியாசம். ஒரு விலங்கு செல்லின் குறுக்களவு ஒரு மில்லி மீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரை இருக்கும்.

அதனால் டேங்குக்குள் சுழலும் விசிறிதான் செல்களை அடித்துக் கொல்கிறது என்றே நீண்ட காலம் பலரும் நம்பினார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வேகமாகக் கலக்கினால் செல்கள் செத்தன, மெதுவாகக் கலக்கினால் பிழைத்தன.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குனாஸ், பாபுட்சாகிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட சோதனை இந்த நம்பிக்கையை அசைத்தது. கலக்கும் பாத்திரத்தைக் காற்றுக்கு இடமே இல்லாமல் திரவத்தால் முழுக்க நிரப்பிவிட்டு விசிறியைச் சுழற்றினார்கள். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்திலும் செல்கள் நன்றாகவே இருந்தன. மேலே காற்று இருந்து, சுழல் உருவாகி, குமிழிகள் உள்ளே இழுக்கப்பட்டால், அதைவிடப் பல மடங்கு குறைந்த வேகத்திலேயே செல்கள் சேதமடைந்தன.

ஆக, குற்றவாளி விசிறி இல்லை. விசிறி உள்ளே இழுத்துவரும் குமிழி. அதற்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகக் குழுவும், செல்கள் சேதமடைவது குமிழி பிரிந்து வெடிக்கும் மேற்பரப்பில்தான் என்று சுட்டிக்காட்டியிருந்தது.

குமிழி வெடிக்கும் அந்த நொடியில் என்ன நடக்கிறது?

குமிழி மேலே ஏறும்போது அமைதியாகத்தான் ஏறுகிறது. ஆனால் வழியில் சில செல்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ப் பிசுக்குள்ள தூசி சோப்பு நுரையில் ஒட்டுவது போல, செல்லின் சவ்வும் குமிழியின் பரப்பை நாடும். அப்படியே குமிழியோடு சவாரி செய்து மேலே வந்துவிடுகின்றன.

மேற்பரப்பை அடைந்ததும் குமிழியின் தலையில் ஒரு மெல்லிய திரவப் படலம் மட்டும் மிஞ்சும். அது வடிந்து மெலிந்து, ஒரு கட்டத்தில் கிழியும். கிழிந்த ஓரம் நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் சுருண்டு ஓடும். குமிழி இருந்த இடத்தில் ஒரு குழி. அதன் பக்கவாட்டில் திரவம் நாலா பக்கமிருந்தும் பாய்ந்து, குழியின் அடியில் மோதி, மேலே ஒரு பீச்சலாகக் கிளம்பும். சோடாவை டம்ளரில் ஊற்றியதும் மூக்கில் தெறிக்கிறதே பொடித் துளிகள், அது இந்தப் பீச்சல்தான்.

நமக்கு அது வெறும் சிலிர்ப்பு. அந்தப் படலத்திலும் குழிச் சுவரிலும் ஒட்டியிருக்கும் செல்லுக்கு அது புயல். கண் இமைக்கும் நேரத்துக்குள் சவ்வு இழுபட்டுக் கிழிந்துவிடும்.

ஒரு குமிழி எத்தனை செல்களைக் கொல்லும்?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1994-ல் இதை எண்ணியே பார்த்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஒரு அந்துப்பூச்சியின் செல்கள். எந்தப் பூச்சி தெரியுமா? 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோள விவசாயிகளைப் படாதபாடு படுத்திய அதே படைப்புழுவின் இனம். 3.5 மில்லி மீட்டர் குமிழி ஒன்று வெடித்தால், சுமார் 1,000 செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டார்கள்.

ஆயிரம்தானே என்று தோன்றலாம். ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்ப்போம்.

* 1,000 லிட்டர் டேங்க். ஒரு மில்லி லிட்டரில் 10 லட்சம் செல்கள் என்றால், மொத்தம் 1 லட்சம் கோடி செல்கள்.
* ஒரு லிட்டர் காற்றை 3.5 மில்லி மீட்டர் குமிழிகளாகப் பிரித்தால் சுமார் 45,000 குமிழிகள்.
* குமிழிக்கு 1,000 செல் என்றால், ஒரு லிட்டர் காற்றுக்குச் சுமார் 4.5 கோடி செல்கள் காலி.
* நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்று விட்டால், ஒரு நாளுக்கு 14,400 லிட்டர். அதாவது சுமார் 65,000 கோடி செல்கள்.

டேங்கில் இருப்பதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் போய்விடும். இத்தகைய செல்கள் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அப்படியென்றால் வளர்வதில் பெரும்பகுதி குமிழிக்கே பலி. இது பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காத நிலையில் உள்ள தோராயக் கணக்கு. செல்லுக்குச் செல் தாங்கும் திறனும் மாறும். ஆனாலும் பிரச்னையின் அளவு புரிகிறது அல்லவா?

கோமாரி தடுப்பூசித் தயாரிப்பில் கடைசியில் வைரஸே செல்களைக் கொன்றுவிடத்தான் போகிறது. பிறகென்ன கவலை என்று கேட்கலாம். வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் பெருகும். வைரஸைச் சேர்க்கும் முன்பே குமிழியில் செத்த செல் ஒவ்வொன்றும் கிடைக்காமல் போன வைரஸ், கிடைக்காமல் போன டோஸ். அதோடு, செத்த செல் உடைந்து கொட்டும் புரதக் குப்பை நுரையை இன்னும் அதிகமாக்கும். அந்த நுரைக்குள் மேலும் செல்கள் மாட்டிக்கொள்ளும்.

காப்பாற்றியது ஒரு 'வழுக்கும்' பொருள்

தீர்வு வியக்கத்தக்க எளிமை. ப்ளூரோனிக் எஃப்-68 என்று ஒரு பொருள். சோப்பு போல, ஒரு பகுதி தண்ணீரை விரும்பும், இன்னொரு பகுதி தண்ணீரைத் தவிர்க்கும்; இரு முனைகளும் தண்ணீரை விரும்ப, நடுப்பகுதி தண்ணீரைத் தவிர்க்கும் நீளமான மூலக்கூறு. ஆனால் சோப்பு போல செல்லைக் கரைத்துவிடாது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் போதும்.

அது செய்யும் முக்கியமான வேலை இதுதான்: குமிழியின் பரப்பை முதலில் தானே போய்ப் பிடித்துக்கொள்ளும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. இடமில்லாததால் செல்கள் குமிழியில் ஒட்டுவது வெகுவாகக் குறையும். ஒட்டாத செல், குமிழி வெடிக்கும் இடத்துக்கு வந்தே சேராது. குமிழி வெடிப்பது நிற்கவில்லை, வெடிக்கும் இடத்தில் ஆள் இல்லை, அதான் விஷயம்.

இந்தப் பொருள் செல்களைக் காப்பாற்றுகிறது என்பது 1960-லேயே வெளியான செய்தி. அது எப்படிக் காப்பாற்றுகிறது என்பது புரியத்தான் இன்னும் முப்பது ஆண்டுகள் ஆனது. முன்பெல்லாம் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் சேர்ப்பார்கள். சத்துக்காகச் சேர்த்த அந்த சீரமும் ஓரளவு இதே பாதுகாப்பைத் தந்தது. சீரம் விலை அதிகம், நோய்க்கிருமி கலக்கும் அபாயமும் உண்டு. சீரத்தைக் குறைத்தபோதுதான் ப்ளூரோனிக்கின் அருமை இன்னும் தெரிந்தது.

குமிழியைச் சின்னதாக்கினால் சரியாகிவிடுமா?

இல்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது.

சின்னக் குமிழி என்றால் அதே அளவு காற்றுக்கு அதிகப் பரப்பு கிடைக்கும். ஆக்சிஜன் வேகமாகக் கரையும். ஆனால் ஒன்றிரண்டு மில்லி மீட்டர் அளவுள்ள சின்னக் குமிழிகள் வெடிக்கும்போது பீச்சலின் வேகம் இன்னும் கடுமையாக இருக்கும். பெரிய குமிழிகள் ஒப்பீட்டளவில் சாதுவாக உடையும். ஆனால் ஆக்சிஜன் கொடுப்பதில் மந்தம்.

இன்னொன்றும் உண்டு. செல்கள் மூச்சுவிடுவதால் வரும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போக வேண்டும். அதைச் சுமந்து வெளியேற்றுவதும் குமிழிதான். மிகச் சின்னக் குமிழிகள் இதில் சீக்கிரமே நிரம்பிவிடும். அதனால் குமிழியே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜன் விடலாம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான் என்பதால், தூய ஆக்சிஜனில் குறைந்த குமிழியே போதும். வெடிப்பும் குறையும். ஆனால் குமிழி குறைந்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். நுரையை அடக்கச் சில சொட்டு சிலிக்கான் எண்ணெய்க் கலவை சேர்க்கலாம். அது கூடினால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஆக்சிஜன் கரைவது குறையும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். பயோரியாக்டரை இயக்குபவர்களின் வேலையே இந்தத் தராசைச் சமமாகப் பிடிப்பதுதான்.

மாட்டு ஊசியோடு முடியும் விஷயமா இது?

இல்லை. மனிதர்களுக்கான பல மருந்துகளின் கதையும் இதேதான்.

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அந்தப் பழைய ஊசி ஆட்டு மூளையில் தயாரிக்கப்பட்டது. குன்னூரில் 1907-ல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனமும் அதைத் தயாரித்தது. இன்று அந்த முறை இல்லை. உதகமண்டலத்தில் உள்ள ஹியூமன் பயாலஜிக்கல்ஸ் இன்ஸ்டிடியூட், வீரோ எனப்படும் குரங்குச் சிறுநீரக செல்களில் நாய்க்கடி தடுப்பூசியைத் தயாரிக்கிறது. இந்த வகை செல்கள் மிதக்காது, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டித்தான் வளரும். அவற்றைப் பெரிய டேங்கில் வளர்க்க வேண்டுமானால் மணல் போன்ற நுண்மணிகளில் ஒட்டவைக்க வேண்டும். குமிழி அந்த மணிகளை நுரைக்குள் தூக்கிச் செல்லலாம் என்பதால் இன்னும் அதிக கவனம் தேவை.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் ஊசி, ஹாம்ஸ்டரின் சினைப்பை செல்களில் உருவாகிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய்க்கான ஒரு மருந்து, கோமாரி ஊசிக்குப் பயன்படும் அதே பிஎச்கே செல் வகையில் தயாரிக்கப்பட்டது. இப்படிப்பட்ட மருந்துகளின் தயாரிப்பு டேங்குகள் இன்று 10,000 லிட்டரைத் தாண்டிவிட்டன. ஒரே தவணையில் டேங்க் முழுக்க வீணானால் நஷ்டம் கம்பெனிக்கு மட்டுமல்ல. மருந்துக்குக் காத்திருப்பவருக்கும்தான்.

மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

குமிழியிலிருந்து செல்களைக் காப்பாற்றி, வைரஸ் வளர்த்து, செயலிழக்கச் செய்து, தரப் பரிசோதனை முடித்து வரும் மருந்து, கடைசி சில கிலோமீட்டரில் வீணாகக் கூடாது.

* இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்தாலும் கெடும், ஃப்ரீசரில் உறைந்தாலும் கெடும். முகாமில் மருந்து ஐஸ் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.
* கன்றுகளுக்கு நான்கு மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான பரிந்துரை.
* ஊசி போட்ட உடனே பாதுகாப்பு வந்துவிடாது. எதிர்ப்புச் சக்தி உருவாகச் சில வாரங்கள் ஆகும். சந்தைக்கோ வாடிவாசலுக்கோ போகும் முதல் நாள் போட்டுக்கொள்வதில் பயன் இல்லை.
* ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறையலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம். அதற்குப் பயந்து ஊசியைத் தவிர்த்தால், நோய் வந்தபின் ஏற்படும் இழப்பு அதைவிடப் பல மடங்கு.
* பக்கத்து வீட்டு மாடு விடுபட்டாலும் ஆபத்து நம் மாட்டுக்கும்தான். ஊர் முழுக்கப் போட்டால்தான் முழுப் பலன்.

அடுத்த முகாமுக்கு ஆள் வரும்போது, ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே வரும் அந்தச் சின்ன பாட்டிலில் இருப்பது வெறும் மருந்து இல்லை. மூச்சு கொடுக்கும் குமிழியிடமிருந்தே கோடிக்கணக்கான செல்களைக் காப்பாற்றி எடுத்த விளைச்சல். அதை மாட்டின் உடம்புக்குள் சேர்ப்பது மட்டும்தான் பாக்கி. அதற்குக் கொட்டகையில் மாட்டைக் கட்டிவைத்துக் காத்திருந்தாலே போதும்.